பெருவிரல் ரேகையிலிருந்து ஓ.டி.பி. வரை: பதின்வயதினர் தடுப்பூசியில் ஒப்புதலின் வரலாறு

சற்று நீண்ட பதிவு. ஆய்வேட்டின் ஓர் இயலுக்காகத் திரட்டிய குறிப்புகளை இங்கே ஒழுங்குபடுத்திப் பார்க்கிறேன். மொழியியலிலும் பொதுச் சுகாதார வரலாற்றிலும் ஈடுபாடுடைய நண்பர்கள் பிழை கண்டால் திருத்துமாறு வேண்டுகிறேன்.

மூன்று எண்களிலிருந்து தொடங்கலாம்: 9,543, 1,948, 2,763. முதலாவது, 2009-10 ஆண்டுகளில் அன்றைய ஒருங்கிணைந்த ஆந்திரப் பிரதேசத்தில் எச்.பி.வி. தடுப்பூசிச் செயல்விளக்கத் திட்டத்தின்போது நிரப்பப்பட்டு, பின்னர் ஆராயப்பட்ட ஒப்புதல் படிவங்களின் எண்ணிக்கை. இரண்டாவது, அவற்றுள் பெருவிரல் ரேகை மட்டுமே பதிந்த படிவங்கள். மூன்றாவது, பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்கள் கையொப்பமிட்டவை. குஜராத்தில் ஆராயப்பட்ட 6,217 படிவங்களில் 3,944 ரேகை பதிந்தவை. நாடாளுமன்ற நிலைக்குழு 2013 ஆகஸ்ட் 30 அன்று அளித்த 72ஆவது அறிக்கையில் இவ்வெண்கள் இடம்பெற்றுள்ளன.

இவ்வெண்களை மீண்டும் மீண்டும் பார்த்துக்கொண்டிருந்தபோது எழுந்த கேள்வியே இப்பதிவு. இதே கணக்கை 2022ஆம் ஆண்டின் பதின்வயதினர் தடுப்பூசிக்கு நம்மால் எடுக்க முடியுமா? முடியாது என்பதே என் விடை. கைப்பேசியும் இணையப் பதிவும் தடுப்பூசியை மிக விரைவாகக் கொண்டுசென்றன என்பதில் ஐயமில்லை. ஆனால் யார் இசைந்தார், யார் பொருட்டு யார் இசைந்தார் என்னும் தடயத்தை அவை ஒரே ஆறிலக்க எண்ணாகத் தட்டையாக்கிவிட்டன. காகிதத்தின் குற்றம் காகிதத்திலேயே தெரிந்தது. கைப்பேசியின் வழி நடந்ததில் குற்றம் உண்டா இல்லையா என்று சோதிக்கவே இடமில்லை.

முதலில் அந்தக் காகிதங்களின் கதை. அமெரிக்காவின் சியாட்டிலைத் தலைமையிடமாகக் கொண்ட 'பாத்' என்னும் தன்னார்வ நிறுவனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், இரு மாநில அரசுகள் ஆகியவை இணைந்து நடத்திய திட்டம் அது. கேட்ஸ் அறக்கட்டளை நிதி அளித்தது. 2009 ஜூலையில் கம்மம் மாவட்டத்தில் கார்டாசில் ஊசியும், அடுத்த மாதம் வடோதராவில் செர்வாரிக்ஸ் ஊசியும் 10 முதல் 14 வயதுச் சிறுமியருக்குப் போடப்பட்டன. இரண்டு மாநிலங்களிலும் சேர்த்து ஏறத்தாழ 24,000 சிறுமியர். கம்மத்தில் பத்ராசலம், கொத்தகூடம், திருமலாயபாலம் ஆகிய மூன்று மண்டலங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. பத்ராசலம் பகுதியில் அரசு ஆசிரமப் பள்ளி விடுதிகளில் தங்கிப் படித்த பழங்குடிச் சிறுமியர் பலர். கோயா பேசும் தாய்தந்தையர் காட்டுக் கிராமங்களில் இருக்க, கையொப்பமிடும் பேனா விடுதி அலுவலக மேசையில் இருந்தது.

ஏழு சிறுமியர் இறந்தனர். 'சமா' என்னும் பெண்கள் நல ஆய்வுக்குழு 2010 மார்ச்சில் பத்ராசலம் சென்று நேரில் விசாரித்தது; ஏப்ரலில் மத்திய அரசு திட்டத்தை நிறுத்தியது. அரசு அமைத்த விசாரணைக்குழு இறப்புகளைத் தடுப்பூசியோடு தொடர்புபடுத்தச் சான்றில்லை என்றது. கல்குவாரி நீரில் மூழ்கியது, பாம்புக்கடி, பூச்சிக்கொல்லி அருந்தியது, மலேரியா ஆகியவை பதிவான காரணங்களுள் அடங்கும். இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் பத்தாண்டுகளுக்குப் பின்னும் 'ஊசியால் ஏழு பேர் இறந்தனர்' என்ற வடிவிலேயே இச்செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றிவருகிறது. எச்.பி.வி. தடுப்பூசி கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுப்பதற்கு வலுவான சான்றுகள் உள்ளன. நான் பேசுவது மருந்தின் குறையைப் பற்றி அன்று. கேட்கப்படாத கேள்வியைப் பற்றி. நிலைக்குழு கடிந்துகொண்டதும் முதன்மையாக ஒப்புதல் பெற்ற முறையையே. எந்த உரிமையால் விடுதிக் காப்பாளர் பாதுகாவலர் ஆனார் என்பதற்கு நிறைவான விடை கிடைக்கவில்லை.

ஓர் இடைக்குறிப்பு. இத்திட்டம் தொடர்பாக உச்ச நீதிமன்றத்திற்குச் சென்ற வழக்கிலேதான், நாடாளுமன்றக் குழுவின் அறிக்கையை நீதிமன்றம் சான்றாகப் பார்க்கலாமா என்ற அரசமைப்புச் சிக்கல் எழுந்தது. பார்க்கலாம் என்று 2018 மே 9 அன்று ஐவர் அமர்வு கூறியது. கல்பனா மேத்தா வழக்கு எனச் சட்ட மாணவர்கள் அறிந்திருப்பர். ஒரு பெரிய அரசமைப்புத் தீர்ப்பின் அடியில் பத்ராசலத்து விடுதிகளின் ஒப்புதல் படிவங்கள் கிடக்கின்றன என்பது எத்தனை பேருக்கு நினைவிருக்கும் எனத் தெரியவில்லை.

கம்மத்திற்குப் பின் நடுவண் அரசு எச்.பி.வி. பற்றிப் பேசாமல் ஒதுங்கியது. டெல்லி, பஞ்சாப், சிக்கிம் ஆகியவை தாமாகத் தொடங்கின. 2018இல் சிக்கிம் பள்ளிகள் வழியே 95 விழுக்காட்டிற்கும் மேற்பட்ட சிறுமியரைச் சென்றடைந்தது. இதற்கிடையே, சுகாதாரத் துறையின் கையில் கைப்பேசி ஒரு கருவியாக வளர்ந்தது. 2016 ஜனவரியில் தொடங்கிய 'கில்காரி' கருவுற்ற பெண்களுக்கும் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் தாய்மாருக்கும் வாரந்தோறும் குரல்செய்தி அனுப்பியது. மொத்தம் 72 செய்திகள். அதன் இலக்கணம் தெளிவானது: கேட்பவர் தாய், பேசப்படுபவர் குழந்தை. முன்னிலையில் ஒருவர், படர்க்கையில் ஒருவர். கைக்குழந்தையின் விஷயத்தில் அதில் சிக்கல் எதுவும் இல்லை.

பதினான்கு வயதில் அவ்விலக்கணம் பொருந்துமா? பொருந்தாது என்பதை அரசும் ஒருவகையில் உணர்ந்திருந்தது. 2014இல் தொடங்கிய தேசிய வளரிளம்பருவச் சுகாதாரத் திட்டத்தின்கீழ், 2017 பிப்ரவரி 20 அன்று 'சாத்தியா சலாஹ்' என்ற கைப்பேசிச் செயலி வெளியிடப்பட்டது. 'நண்பனின் அறிவுரை' என்று பெயர்த்துக்கொள்ளலாம். வளரிளம்பருவத்தினரை நேரடியாக விளித்த அரசுச் செயலி அது. ஆனால் செயலி இருந்தது, கைப்பேசி இல்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தாமே பயன்படுத்தும் கைப்பேசி வைத்திருந்த பெண்கள் 54 விழுக்காடு. 15-19 வயதில் அது 32 விழுக்காடே. பத்து முதல் பதினான்கு வயதுச் சிறுமியர் அக்கணக்கிற்குள்ளேயே வரவில்லை.

அதே 2017 பிப்ரவரியில் வேறொன்றும் நடந்தது. தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் தமிழ்நாடு, கர்நாடகம், புதுச்சேரி, கோவா, இலட்சத்தீவு ஆகிய இடங்களில் முதலில் தொடங்கியது. 9 மாதம் முதல் 15 வயதுக்குட்பட்டோர் வரை இலக்கு. தமிழ்நாட்டில் மட்டும் 1.76 கோடிப் பேர். பெரும்பாலும் பள்ளிகளில் போடப்பட்டது. அப்போது நான் இளங்கலை மாணவன். எங்கள் குடும்பக் குழுவில் அத்தை ஒருவர் அனுப்பிய குரல்பதிவு இன்னும் நினைவில் இருக்கிறது. பேசியவர் யாரென்று யாருக்கும் தெரியாது. ஆனால் பக்கத்து வீட்டு அக்கா பேசுவதுபோல் இருந்தது. 'உங்க பிள்ளைய' என்று தொடங்கி, 'நீங்க கேட்டீங்களா' என்று வினவி, மூச்சு வாங்கி, தயங்கி, மீண்டும் தொடர்ந்தது. அதே வாரத்தில் பள்ளியிலிருந்து வந்த துண்டறிக்கையோ 'தடுப்பூசி வழங்கப்படவுள்ளது' என்றது. யார் வழங்குவார், யார் பெறுவார் என்பதெல்லாம் செயப்பாட்டுவினைக்குள் மறைந்திருந்தன. வதந்தி சொன்னது பொய். ஆனால் அது முன்னிலையில் பேசியது. துண்டறிக்கை சொன்னது மெய். அது எவரிடமும் பேசவில்லை. பல பள்ளிகளில் பெற்றோர் மறுத்தனர். பிப்ரவரியோடு முடியவேண்டிய இயக்கம் மார்ச் நடுப்பகுதிவரை நீட்டிக்கப்பட்டது.

இவ்விடத்தில் தொழில்நுட்பத்தின்மீது பழிபோடுவது எளிது. நான் அதை ஏற்கவில்லை. குரல்பதிவைப் பரப்பிய அதே வாட்ஸ்அப் வழியே ஓர் அரசு மருத்துவரின் குரலும் வந்திருக்கலாம். பின்னாளில் வரவும் செய்தது. சிக்கல் கருவியில் இல்லை, யாரை 'நீங்கள்' என்று அழைப்பது எனத் துறை முடிவு செய்யாததில் இருந்தது. பதின்மூன்று வயதுப் பிள்ளையையா, அவள் தாயையா, தலைமையாசிரியரையா?

நீதிமன்றம் இதற்கு ஒரு பகுதி விடையைத் தந்தது. 2019 ஜனவரியில் டெல்லிப் பள்ளிகளில் இதே தட்டம்மை-ரூபெல்லா இயக்கம் தொடங்கவிருந்தபோது, சில பெற்றோர் உயர் நீதிமன்றத்தை அணுகினர். ஒப்புதல் கேட்டால் இயக்கத்தின் வெற்றி குறையும் என்பது அரசுத் தரப்பின் வாதம். மருந்தின் பயனையும் பக்கவிளைவுகளையும் சொல்லி, பெற்றோரின் ஒப்புதலைப் பெற்ற பின்னரே ஊசி போடவேண்டும் என நீதிமன்றம் அதை மறுத்தது. என்னை ஈர்த்தது அதில் வகுக்கப்பட்ட ஒரு சிறு நடைமுறை. ஒப்புதல் சீட்டு திரும்பி வராதபோது, வகுப்பாசிரியர் பெற்றோரைத் தொலைபேசியில் அழைத்து, அவர்களது முடிவை எழுத்தில் பதியவேண்டும். தொலைபேசி இங்கே உரையாடலுக்கான கருவி. காகிதம் அதன் தடயம். இரண்டும் ஒன்றையொன்று இடம்பெயர்க்கவில்லை. பள்ளிச் சீட்டுக்கும் செல்பேசிக்கும் இடையே இத்தனை பொருத்தமான உறவை நான் வேறெந்த ஆவணத்திலும் காணவில்லை. ஆனாலும் மாணவரின் குரலுக்கு அதிலும் இடமில்லை.

பிறகு பெருந்தொற்று. 2021 ஜனவரி 16 அன்று கோவின் தளத்தோடு கோவிட் தடுப்பூசி தொடங்கியது. மே மாதம் 18-44 வயதினருக்குத் திறந்தபோது, இணையத்தில் முன்பதிவு கட்டாயம். தடுப்பூசி இடம்பிடிப்பது தட்கல் பயணச்சீட்டுப்போல் ஆனதை நாமெல்லோரும் பார்த்தோம். மே 24 அன்று மையங்களிலேயே பதிவுசெய்ய வழி விடப்பட்டது. மே 31 ஆணையில் உச்ச நீதிமன்றம், எண்ணிமப் பிளவையும் பார்வையற்றோரால் தளத்தைப் பயன்படுத்த இயலாமையையும் சுட்டிக்காட்டியது. ஜூன் தொடக்கத்தில்தான் ஆங்கிலமல்லாத மொழிகள் சேர்ந்தன. முதல் பட்டியலில் தமிழ் இல்லை. குரல் எழுந்தபின் சில நாள்களில் வந்தது. மொழி எப்போதும் பின்னிணைப்பாகவே வருகிறது. முதலில் மேடை, பிறகு மொழி.

பதின்வயதினரின் முறை 2022இல் வந்தது. டிசம்பர் 25 இரவு அறிவிப்பு. ஜனவரி 1 பதிவு. ஜனவரி 3 ஊசி. 2007 அல்லது அதற்குமுன் பிறந்தவர்களுக்குக் கோவேக்சின். ஆதார் இல்லாதவர்கள் பள்ளி அடையாள அட்டையைக் காட்டலாம் என்ற தளர்வு அழகானது. மாணவர் என்ற அடையாளமே போதும் என்றது அது. முதல் நாளிலேயே 40 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் போட்டுக்கொண்டனர். இவ்வெண்ணைக் கோவினின் வெற்றியாகக் காட்டும் கட்டுரைகள் பல படித்தேன். என் எண்ணத்தில் இது பெருமளவு பள்ளிகளின் வெற்றி. தளம் எண்ணியது, வகுப்பறை அழைத்துவந்தது.

விதிப்படி, பதின்வயதினர் தமக்கெனத் தனிக் கைப்பேசி எண்ணில் கணக்குத் தொடங்கலாம். அல்லது குடும்பத்தில் ஏற்கெனவே உள்ள கணக்கில் சேரலாம். ஓர் எண்ணில் நால்வர் என்பது அப்போதைய வரம்பு. அந்த ஜனவரியில் நான் ஹைதராபாத்தில் தங்கியிருந்த வீட்டின் கீழ்த்தளத்தில் ஒரு தெலுங்குக் குடும்பம். பத்தாம் வகுப்பு படித்த மகளைப் பதிவுசெய்ய வேண்டும். வீட்டில் ஒரே கைப்பேசி. அதில் தந்தை, தாய், பாட்டி, மாமா என நால்வர் முன்பே இருந்தனர். 'அண்ணா, உங்க நம்பர்ல போடலாமா?' என்று அவள் தாய் கேட்டார். போட்டேன். ஓ.டி.பி. எனக்கு வந்தது, நானே இட்டேன். மூன்று வாரம் கழித்து வரம்பு ஆறாக உயர்த்தப்பட்டது. அதற்குள் வேலை முடிந்துவிட்டது.

அன்று அது உதவியாக மட்டுமே தோன்றியது. நிலைக்குழு அறிக்கையைப் படித்த பிறகுதான் உறைத்தது. அச்சிறுமியின் பதிவில் விடுதிக் காப்பாளரின் இடத்தில் இருப்பவன் நான். ஒரு வேறுபாடு உண்டு. காப்பாளரின் கையொப்பம் காப்பாளருடையது என்று கண்டுபிடிக்க முடிந்தது. அதனால்தான் 2,763 என்று எண்ண முடிந்தது. என் ஓ.டி.பி. தந்தையின் ஓ.டி.பி.யைப் போலவே இருக்கும், அவளுடையதைப் போலவே இருக்கும். ஆறு இலக்கங்களில் ரேகை இல்லை.

ஊசி போட்ட அன்று மாலை என் கைப்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. அவள் பெயரை விளித்து, வாழ்த்துக் கூறி, உங்களுக்குத் தடுப்பூசி செலுத்தப்பட்டது என்று ஆங்கிலத்தில் சொன்னது. யோசித்தால், இந்த நடைமுறை முழுவதிலும் அவளை முன்னிலையில் விளித்த முதல் வாக்கியம் அதுதான். ஊசி போட்டபின், வேறொருவர் கைப்பேசியில், வேறொரு மொழியில். காட்டச் சொன்னாள், காட்டினேன். தன் பெயர் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்தாள்.

இங்கே ஒரு மொழியியல் குறிப்பு. இயலின் மையமும் இதுவே. தமிழில் 'போட்டுக்கொண்டேன்' என்பதற்கும் 'போட்டார்கள்' என்பதற்கும் உள்ள தொலைவு பெரிது. 'கொள்' என்னும் துணைவினை, செயல் செய்வோனின் விருப்பத்தையும் பயனையும் அவனிடமே திருப்புகிறது. தெலுங்கிலும் இதன் இன வடிவமான 'கொனு' அதே பணியைச் செய்கிறது: 'வேயிஞ்சுகுன்னானு' என்றால் நானாகப் போட்டுக்கொண்டேன், 'வேசாரு' என்றால் போட்டார்கள். களப்பணியில் நான் பேசிய பெரியவர்கள் கோவிட் ஊசியைப் பற்றிச் சொல்லும்போது பெரும்பாலும் முதல் வடிவத்தைப் பயன்படுத்தினர். மாணவர்கள் பெரும்பாலும் இரண்டாம் வடிவத்தை: 'ஸ்கூல்ல போட்டாங்க', 'ஸ்கூல்லோ வேசாரு'. என் தரவு சிறியது, பொதுமைப்படுத்தத் துணியவில்லை. ஆனால் பதினேழு வயது மாணவி ஒருத்தி, அறிவியல் பாடத்தில் நோயெதிர்ப்பாற்றலை விரிவாகப் படித்தவள், தன் உடலில் சென்ற மருந்தைப் பற்றிப் பேசும்போது எழுவாயின் இடத்தைப் பள்ளிக்கு விட்டுக்கொடுப்பது கவனிக்கத்தக்கது. விருப்பமின்மையால் அன்று. அவளுடைய விருப்பத்தை எவரும் வினையாக்கவில்லை.

இதனினும் அமைதியான சான்று ஒன்று உண்டு. நாட்டின் வழக்கமான தடுப்பூசி அட்டவணையில் 10 வயதிலும் 16 வயதிலும் ஒவ்வொரு ஊசி நெடுங்காலமாக இருக்கிறது. முன்பு டெட்டனசுக்கு மட்டும். அண்மைக் காலத்தில் டிப்தீரியாவும் சேர்ந்தது. ஆங்கிலச் சுருக்கத்தில் ஓர் எழுத்து சிறிதானது. தமிழில் எழுதினால் இரண்டுமே 'டி.டி.' மருந்து மாறியதற்கு நம் மொழியில் ஒரு தடமும் இல்லை! என் முதுகலை வகுப்புத் தோழர்களிடம் கேட்டேன். பத்து வயதில் போட்டது சிலருக்கு நினைவிருந்தது. பதினாறில் போட்டதாக ஒருவரும் சொல்லவில்லை.

இதையெல்லாம் இப்போது எழுதுவதற்குக் காரணம், அதே வயதுச் சிறுமியரை நோக்கி அதே நோய்க்கான தடுப்பூசி மீண்டும் வருவதுதான். புனேயின் சீரம் நிறுவனம் உருவாக்கிய செர்வாவாக் 2022 ஜூலையில் அனுமதி பெற்றது. 2024 இடைக்கால நிதிநிலை அறிக்கை 9 முதல் 14 வயதுச் சிறுமியருக்கு எச்.பி.வி. தடுப்பூசியை ஊக்குவிப்பதாகக் கூறியது. கோவினின் வழித்தோன்றலான யூ-வின் வழக்கமான தடுப்பூசிகளுக்கென 2023இல் சோதனை முறையில் தொடங்கியது. தடுப்பூசி வரவேண்டும், விரைவாக வரவேண்டும். கருப்பை வாய்ப் புற்றுநோயால் இந்தியாவில் இறக்கும் பெண்களின் எண்ணிக்கை அறிந்த எவரும் வேறு சொல்லார். ஆனால் பதிவுப் பக்கத்தில் ஒரே ஒரு கட்டம் கூடுதலாக இருக்கலாம்: இந்த எண் யாருடையது? தாய், தந்தை, ஆசிரியர், அண்டைவீட்டார், நானே. கம்மத்தின் காகிதங்கள் தம்மையறியாமல் பதிந்துவைத்ததை ஓர் இயந்திரம் அறிந்தே பதிந்துவைக்க முடியும். அதே பக்கத்தில் பன்னிரண்டு வயதுச் சிறுமியை விளித்து, அவள் மொழியில், இந்த ஊசி எதற்கு என்று சொல்லும் நான்கு வரிக்கும் இடமிருக்கிறது. சட்டப்படி ஒப்புதல் பெற்றோருடையது. அவளிடம் சொல்லக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

ஒரு வேண்டுகோளும் உண்டு. இக்காலத்தின் சான்றுகள் மிக விரைவில் அழிகின்றன. 2009இன் படிவங்களை நான்காண்டு கழித்தும் எண்ண முடிந்தது. 2017இன் குரல்பதிவுகளோ கைப்பேசி மாற்றும்போதே போய்விட்டன; என் அத்தையிடம் கேட்டேன், அவரிடமும் இல்லை. தட்டம்மை-ரூபெல்லா இயக்கத்தின்போது வந்த முன்னனுப்பல்கள், பள்ளித் துண்டறிக்கைகள், 2022 ஜனவரியில் மாணவர்கள் கொண்டுவந்த ஒப்புதல் சீட்டுகள், குறுஞ்செய்திகளின் திரைப்பிடிப்புகள் ஆகியவை எந்த இந்திய மொழியில் இருந்தாலும் உள்பெட்டிக்கு அனுப்புங்கள். ஆசிரியர்களாக இருக்கும் நண்பர்கள் பழைய கோப்புகளை எடைக்குப் போடுமுன் ஒருமுறை பார்த்தால் பேருதவியாகும். பெயரையும் எண்ணையும் மறைத்து அனுப்பினால் போதும். தேதியை மட்டும் மறைக்க வேண்டாம்.